ரோடு ரோலர் அச்சடித்த பஸ்

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு ரோடு ரோலர் என் கல்யாணப் போர்வை மேல் ஏறிப் போனது. பதறாதீர்கள் – போர்வைக்குள் ஆள் யாரும் இல்லை. ஒரு பஸ்தான் இருந்தது.

குழப்புகிறேனா? முதலில் இருந்தே சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் அருள், ஐ.டி.ஐ.யில் வெல்டிங் சொல்லிக்கொடுப்பவர். ஐம்பது வயதில் சிலருக்கு சர்க்கரை வரும். இவருக்குக் கலை வந்தது. முதலில் வாட்டர் கலர். அது அலுத்ததும், மரப்பலகையில் படம் செதுக்கி, மை தடவி, துணியில் அச்செடுக்கும் வேலை. இதற்கு மேலிருந்து நல்ல அழுத்தம் வேண்டுமாம். மெஷினுக்கு எங்கே போவது? பஸ் ஸ்டாண்டு கரும்பு ஜூஸ் கடைக்காரரைச் சிநேகம் பிடித்து, அவருடைய மெஷினில் கொடுத்து எடுத்தார். படம் பிரமாதமாக வந்தது. காயப்போட்ட அரை மணி நேரத்தில் எறும்பும் வந்தது.

அப்போதுதான் புதுக்கோட்டையில் ஓவியக் கண்காட்சி என்று அறிவிப்பு பார்த்தார். பெயர் கொடுத்துவிட்டார். ஆறடிக்கு நாலடி பிளைவுட் ஒன்று வீட்டுக்குள் வந்தது. நாலு மாதம் – ஹாலில் நடக்க இடமில்லை, சாம்பாரில்கூட மரத்தூள். செதுக்கியது என்ன தெரியுமா? கந்தர்வக்கோட்டையிலிருந்து புதுக்கோட்டை போகும் காலை நேரத்து பஸ். ஜன்னலுக்கு ஜன்னல் முகம், இரண்டு வாசலிலும் தொங்கும் ஜனம்.

அச்சில் எல்லாம் இடவலமாக மாறி விழும். ஆகவே ‘புதுக்கோட்டை’ என்ற போர்டைத் தலைகீழ் வித்தையாகத் திருப்பிச் செதுக்கவேண்டும். அந்த ஒரு சொல்லுக்கு என் முகம் பார்க்கும் கண்ணாடி இரண்டு வாரம் காணாமல் போனது.

எல்லாம் சரி, இவ்வளவு பெரிய பலகையை எதை வைத்து அழுத்துவது? கரும்பு மெஷினுக்குள் போகாது. கண்காட்சிக்கோ மூன்று நாள்தான் பாக்கி.

அன்று பார்த்து எங்கள் தெருவில் ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இவர் ரோலரையே பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். “வேணாங்க” என்று நான் சொல்வதற்குள் தெருவில் இறங்கிவிட்டார்.

ரோலர் டிரைவர் பெரியசாமி சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “சார், இது ஜல்லிய நசுக்குற வண்டி. ஒங்க படம் மாவாப் போயிரும்.”

“போனாப் போகுதுங்க. ஒரே ஒருதரம்.”

பெரியசாமி என் பக்கம் திரும்பினார். “அம்மா, நீங்களாச்சும் சொல்லுங்க...”

நாலு மாதம் மரத்தூள் தின்றவள் நான். “ஏத்துங்கண்ணே” என்றேன்.

கெட்டிப்பட்ட தரையில் பலகை. மை. அதன் மேல் வெள்ளைக் காடாத் துணி. அதன் மேல் மெத்தென்று இருக்க, என்னைக் கேட்காமலே என் கல்யாணப் போர்வை. எல்லாவற்றுக்கும் மேல் இன்னொரு பிளைவுட். தெருவே கூடிவிட்டது. “இங்கிட்டு வாங்க, அங்கிட்டு நிக்காதீங்க” என்று ஆளுக்கு ஆள் போலீஸ் வேலை. ரோலர் உறுமிக்கொண்டு ஏறியது. இவர் கண்ணை மூடிக்கொண்டார். எங்கோ ‘படக்’ என்று ஒரு சத்தம். மேல் பலகையில் மூலை உடைந்ததுதான்.

துணியை உரித்தார்கள். அடடா! ஒரு கோடு பிசகவில்லை. போர்டில் ‘புதுக்கோட்டை’ நேராக, அழகாக. தெருவே கை தட்டியது. பெரியசாமி மட்டும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

“படம் ஜோரா இருக்கு சார். ஆனா... இந்த பஸ்ல போனா ரோட்டுக்கு நடுவுலல்ல எறங்கணும்?”

எழுத்தைத் திருப்பிய மனுசன், பஸ்ஸைத் திருப்ப மறந்துவிட்டார். இடது பக்கம் இருக்கவேண்டிய வாசல்கள் வலது பக்கம்!

நானும் அப்படித்தான். பத்திரிகைக்கு நான் எழுதும் இந்தப் பத்தியில் றகர ரகரத்தை நாலு முறை சரிபார்ப்பேன். ஆளின் பெயரையே மாற்றி எழுதியிருப்பேன். எந்தத் தப்புக்குப் பயப்படுகிறோமோ அதற்கு மட்டும்தானே காவல் இருக்கிறோம்?

இவர் அன்று சாப்பிடவில்லை. “நாலு மாசம்மா... ஊரே சிரிக்கும். நான் அனுப்பல” என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். கண்காட்சி அன்று காலையில் நான்தான் துணியைச் சுருட்டி, ஆட்டோவில் ஏற்றி, இவரையும் ஏற்றினேன்.

கண்காட்சியில் இவர் தன் படத்துக்குப் பக்கத்திலேயே நிற்கவில்லை. நாலு படம் தள்ளி, யாரோ வரைந்த தாமரையை உலகத்தில் இல்லாத அக்கறையோடு பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் பஸ்ஸுக்குக் காவல். வந்தவர்கள் பார்த்தார்கள், போனார்கள். வாசல் பக்கம் மாறியிருப்பது யாருக்கும் தெரியவில்லை.

மத்தியானம் அறந்தாங்கிக்காரர் ஒருவர் மனைவியோடு வந்தார். படத்தின் முன்னால் நின்றவர் நகரவே இல்லை. வாசலை விரலால் காட்டினார். போச்சு, கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன்.

“ஏ, இங்க பாரு. இது அங்க ஓடுற பஸ்ஸு. அங்கதான் வலது பக்கம் வாசல்” என்றார் மனைவியிடம். பிறகு என்னிடம்: “பன்னெண்டு வருசம் துபாய்ல இருந்தேங்க. லீவு நாள்ல ரூம் ஜன்னல்ல நின்னு பஸ்ஸா எண்ணிக்கிட்டிருப்பேன். இதுல ஒண்ணு... ஒண்ணே ஒண்ணு, நம்ம ஊருக்குப் போற பஸ்ஸா இருந்தா என்னன்னு தோணும். போர்டுகூட சரியா போட்டுருக்காரே!”

அவர் மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

நான் தாமரைப் பக்கம் கை காட்டினேன். அறந்தாங்கிக்காரர் போய் இவர் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க எங்க இருந்தீங்க? துபாயா, கத்தாரா?”

“கந்தர்வக்கோட்டைங்க” என்றார் இவர். இரண்டு பேரும் கையை விடாமலே பஸ் படத்துக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

அதற்குப் பிறகு இவர் தன் படத்தை விட்டு நகரவில்லை. சாயங்காலம் ஒரு காலேஜ் பெண் கேட்டாள்: “சார், வாசல் ஏன் அந்தப் பக்கம் இருக்கு?”

“அது வெளிநாட்டுலேர்ந்து ஊருக்குத் திரும்புற பஸ்ஸும்மா. யோசிச்சுத்தான் அப்படிச் செதுக்குனேன்.”

எனக்குத்தான் பலமாக இருமல் வந்தது.