“ஹிர” என்று சொன்னது யார்?

லேத் மெஷினில் நைலான் கடையும்போது ஒரு வாசனை வரும்... வெயிலில் காய்ந்த மழைக்கோட்டு வாசனை. இன்றைக்கும் அது மூக்கில் பட்டால் எனக்குத் தலை குனிந்துவிடும்.

யட்டியாந்தோட்டை பஜாரில் ஒரு சின்ன வர்க்‌ஷொப். ரப்பர் ஃபெக்டரி மெஷின்களுக்கு பார்ட்ஸ் செய்வோம். நானும் சிவாவும் ஒரே லேத்தில். இரண்டு பேரும் தோட்டத்தில் ஒரே லய வரிசை வீட்டுக்காரர்கள். ஆனால் டிரெய்னிங் சர்டிஃபிகேட் என்னிடம்தான் இருந்தது. அந்தத் திமிரும்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. கட்டையை ஜோ என்கிற பற்களால் கவ்விப் பிடிக்கும் சக் என்ற பாகத்தை இறுக்குகிறவன் வாய்விட்டு “ஹிர!” என்று சொல்ல வேண்டும். இறுக்கம் என்பதற்குச் சிங்களச் சொல். தமிழ் பேசும் நாங்களும் அதையேதான் சொல்வோம். அது காதில் விழாமல் யாரும் சுவிட்சைத் தொடக்கூடாது.

ஒருநாள் பத்து இஞ்ச் நைலான் கட்டை ஒன்று வந்தது.

“மச்சான், இது இரும்பு இல்ல. நசுங்கும், சூடானா எளகும். சொஃப்ட் ஜோ போட்டு அகலமா புடிச்சு, பின்னால சென்டர் வச்சு முட்டுக் குடுப்போம்” என்றான் சிவா.

“ஆமா, தாலாட்டும் பாடு!” என்று சிரித்தேன். சாதாரண இரும்பு ஜோவிலேயே மாட்டினேன்.

பாதி கடைந்துவிட்டு பிளேன்டி குடிக்கப் போனோம். அதற்குள் சூடான நைலான் ஆறிச் சுருங்கும், ஜோ கடித்த இடமும் அமுங்கிப்போகும். திரும்பி வந்ததும் சக் சாவி போட்டு மறுபடி இறுக்கியே ஆக வேண்டும். எனக்கு அது தெரியும்...

சுவிட்சில் கை வைத்தபடி சிவா கேட்டான், “ஹிரவா?”

“ஹிர, ஹிர... போடு!”

சாவியை நான் தொடவே இல்லை.

டூல் பட்டதுதான் தாமதம். கட்டை பிய்த்துக்கொண்டு பறந்து சிவாவின் தாடையில் அடித்தது. நான்கு பல் போய்விட்டது.

முதலாளி ஓடி வந்தார். “கவுத ஹிர கிவ்வே?” ஹிர என்று சொன்னது யார் என்று கேட்டார்.

சிவாவால் வாயைத் திறக்க முடியவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“சிவாதான், மாத்தயா” என்றேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது அவனுக்கு வேலை இல்லை. வந்து சண்டை போடுவான் என்று பயந்துகொண்டிருந்தேன்... அவன் வரவே இல்லை. நான் அதே லேத்தில் ஆறு வருஷம் நின்றேன். சீ, என்ன மனுஷன் நான்!

இப்போது குருவிட்டயில் எனக்குச் சொந்த லேத். பெரிய பிளாஸ்டிக் வந்தால் சொஃப்ட் ஜோ, பின்னால் சென்டர், முன்னால் தடுப்புக்கு ஒரு கார்ட், ஸ்பீடும் குறைவு. பிளேன்டிக்குப் பிறகு முதல் வேலை சாவி. அன்றைக்கும் இதெல்லாம் அந்த வர்க்‌ஷொப்பிலேயே இருந்தது.

போன மாதம் யட்டியாந்தோட்டையில் ஒரு ஹாட்வெயார் கடைக்குள் நுழைந்தேன். கவுண்டருக்குப் பின்னால் சிவா.

“என்னா மச்சான், சொகமா இருக்கியா? நீ சொந்த லேத் போட்டிருக்கிறதா கேள்விப்பட்டேன். சந்தோசம்டா.”

பல் இல்லாத இடத்தில் காற்று போனது. இத்தனை வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்... வாயில் வந்தது, “ரெண்டு லீட்டர் ஒயில் குடு” மட்டும்தான்.

ஒரு கேனில் ஊற்றி, மூடியைத் திருகி நீட்டினான். “ஹிர” என்றான். பழக்கத்தில் வந்ததா, வேண்டுமென்றே சொன்னானா தெரியவில்லை.

பஸ்ஸில் அந்தக் கேனை மடியில் படுக்கப்போட்டுக்கொண்டே வந்தேன். குருவிட்ட வரை ஒரு சொட்டுக்கூட கசியவில்லை.