லூர்தம்மாவின் வலது காது

1. மோனோ பட்டன்

ருவான்வெல்லை பஜாரில் சவுண்ட் செட் வாடகைக்கு விடுகிறவன் நான். ஒன்பதாம் வகுப்போடு இந்தத் தொழிலுக்கு வந்தேன். முருகன் படத்துக்கு விளக்கு வைத்த பிறகுதான் மிக்சரில் கை வைப்பேன்.

தோட்டத்துத் திருவிழாவில் மேல் லயத்து வீடுகளுக்கு ஒரு ஹோர்ன் ஸ்பீக்கர், கீழ் லயத்து வீடுகளுக்கு ஒன்று கட்டுவோம். இரண்டிலும் ஒரே சத்தம் வரவேண்டும். இல்லாவிட்டால் கீழே இருப்பவர்களுக்குத் தவில் மட்டும் கேட்கும், நாதஸ்வரம் மேலேயே நின்றுவிடும். அதனால் எதைப் போட்டாலும் மோனோ பட்டனை அமுக்குவது என் கைப்பழக்கம்.

கடைக்குப் பின்னால் சின்ன ரெக்கோர்டிங் அறையும் உண்டு. 'அக்கினிக் குதிரை' என்ற எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளின் பேண்ட், தொடக்கம் முதல் அங்கேதான் பாட்டுப் பதிந்தது. பவர் மெட்டல் என்பார்கள். டிரம் தலைதெறிக்க ஓடும். வாள், கோட்டை, ராஜா என்று பாடுகிற ரமேஷின் குரல் மலை உச்சியில் போய் நிற்கும். கிட்டார் இரண்டு பேர். அதில் ஒருவன் ரூபன். வேதக்காரப் பிள்ளை. ஆனாலும் என் விளக்கில் எண்ணெய் குறைந்திருந்தால் அவனே ஊற்றுவான். போன வருடம் காய்ச்சலில் ஆண்டவனிடம் போய்விட்டான்.

அவன் நினைவாக, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை நல்லவற்றைப் பொறுக்கி ஒரே ஆல்பமாகப் போடத் தீர்மானித்தார்கள். நான் எல்லாவற்றையும் சேர்த்து, முதல் சிடியை ரூபனின் அம்மா லூர்தம்மாவுக்குக் கொடுத்தனுப்பினேன்.

2. எங்க இருக்கான்?

மறுநாள் ரப்பர் பால் வெட்டி முடித்த கையோடு லூர்தம்மா கடைக்கு வந்துவிட்டார். ரமேஷும் அங்கே இருந்தான்.

"அண்ணே, திரும்பத் திரும்பக் கேட்டேன். எம் மகன் இதுல எங்க இருக்கான்?"

"எல்லாப் பாட்டுலயும் இருக்கான்மா" என்றான் ரமேஷ்.

"நீ கத்துறது தெரியுதுடா, தோட்டமே முழிச்சிக்குது. அவன் எங்க?"

ரமேஷ் ஹெட்போனை மாட்டிக் கேட்டான். "மாமா! மோனோவுல போட்டிருக்கீங்க. ரெண்டு கிட்டாரும் ஒண்ணா ஒட்டிக்கிச்சு. இது என்ன, தேர்த் திருவிழாவா?"

பட்டனை எடுத்துவிட்டேன். பிள்ளைகள் பதிந்தபடி ரூபன் இடது பக்கம், மற்றவன் வலது பக்கம் என்று பிரிந்தார்கள். ஹெட்போனை லூர்தம்மாவுக்கு மாட்டி, "இடது காதுல கேக்குறது ஒங்க மகன்" என்றேன்.

கழுத்து ஜெபமாலையைப் பிடித்தபடி முழுப் பாட்டையும் கேட்டார். பிறகு ஹெட்போனை மெதுவாகக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பரவால்லண்ணே, விடுங்க. எனக்கு அந்தக் காது சின்னதுலயே போச்சு. ரூபன் எப்பவும் இந்தப் பக்கம் வந்துதான் பேசுவான்" என்று வலது காதைத் தொட்டார்.

ஹெட்போனை இடம் வலமாகத் திருப்பி மாட்டிவிட்டு, பாட்டை மறுபடி போட்டேன்.

கிட்டார் வேகமெடுத்தபோது அவர் முகம் மாறியது. குசினியில் இருந்துகொண்டு வாசலில் இருக்கிற பிள்ளையை அதட்டுவது போல, "மெதுவாடா, வெரலு வலிக்கப் போவுது" என்றார்.

ரமேஷ் வெளியே போய்விட்டான். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தான்.

"அண்ணே, வீட்டுல ரெண்டு ஸ்பீக்கர் வச்ச பெட்டிதான் இருக்கு. அத எப்படித் திருப்புறது?" என்று கேட்டார் லூர்தம்மா.

"ஒங்க சிடிய மட்டும் நான் மாத்தித் தாரேன்."

"ஒண்ண மட்டும் வேணாம் மாமா" என்றான் ரமேஷ். "எல்லாத்தையும் மாத்துங்க."

3. படித்த பாடம்

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். மிக்சரின் ஃபேடரைத் தொடுமுன் சாமியைக் கும்பிடுங்கள். அப்புறம், இதை யார் கேட்கப் போகிறார்கள், எந்தப் பக்கம் இருந்து கேட்பார்கள் என்று விசாரியுங்கள்.

அக்கினிக் குதிரையின் அந்த ஆல்பத்தை இப்போது யார் போட்டுக் கேட்டாலும், ரூபன் வலது பக்கத்தில்தான் வாசிக்கிறான்.