வாஷிங் மெஷினுக்குப் பின்னால்

என் அண்ணன் மகளுக்கு ஒரு கோடிப் பெண்களின் வீட்டு ரகசியம் தெரியும். உளவுத்துறைக்காரர்களே வாசலில் கைகட்டி நின்று அவளிடம் கேட்டுவிட்டுப் போவார்கள். சரி, கோடி இல்லை, சில ஆயிரம் இருக்கும். உளவுத்துறையும் வந்ததில்லை, வந்தவர் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர். பேரன் பேத்தி எடுத்தவள் இப்படியா புளுகுவாள் என்று கேட்காதீர்கள். எடுத்த பிறகுதான் எனக்குக் கை தேர்ந்தது.

அவளுக்குச் சல்லடை என்று பெயர் வைத்தவள் நான். பல்கலைக்கழகத்தில், சமூக வலைத்தளங்களில் மனிதர்கள் எப்படிக் கூடுகிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று ஆராயும் துறையில் உதவியாளர் வேலை. அறை கீழ்த்தளத்தில். சன்னல் வழியாகத் தெரிவதெல்லாம் சைக்கிள் சக்கரங்களும் நடந்து போகிறவர்களின் கணுக்கால்களும்தான். அங்கே உட்கார்ந்து பிறத்தியாரின் எழுத்தைச் சலிப்பதுதான் அவள் பிழைப்பு.

அந்த எழுத்தெல்லாம் இணையத்தில் உள்ள ஒரு மூடிய குழுவிலிருந்து வந்தது. அடிக்கிற புருஷனை விட்டுக் கிளம்ப வழி தேடும் பெண்கள் அதில் புனைபெயரில் எழுதிக்கொள்வார்கள். எந்தச் சாவியை எங்கே வைப்பது, பிள்ளையிடம் எப்போது சொல்வது, கையில் என்ன எடுத்துப் போவது, எல்லாம் அங்கே பேச்சு. குழுவை நடத்தும் பெண் ஒரே ஒரு நிபந்தனையின் பேரில் ஆராய்ச்சிக்குச் சம்மதித்தாள்: “எங்க பொண்ணுங்கள்ல ஒருத்தியைக்கூட எவனும் கண்டுபிடிக்கக் கூடாது. கண்டுபிடிச்சா அவ உயிருக்கு நீங்கதான் பொறுப்பு.”

“புருஷன் பொண்டாட்டி சண்டையைப் படிக்கச் சம்பளமாடி? நான் அடுத்த வீட்டுச் சுவத்துல காதை வச்சு ஓசியிலயே கேட்டிருக்கேனே.”

“அதுக்குப் பேரு ஒட்டுக்கேக்குறது அத்தை. நாங்க அனுமதி வாங்கிட்டுப் படிக்கிறோம்.”

“அனுமதி வாங்கிட்டு ஒட்டுக்கேக்குறீங்க.”

அன்றைக்குச் சிரித்தாள். அப்போதெல்லாம் சிரிப்பாள்.

ஒவ்வொரு பதிவையும் படித்து அது பயமா, பணமா, பிள்ளைகளா, கிளம்பும் ஆயத்தமா என்று குறியிட வேண்டும். படிக்கலாம், ஆனால் பதில் எழுதக் கூடாது என்பது துறையின் விதி. கட்டுரையில் ஒரு வரியை எடுத்துப் போடுவதென்றால் அதை அப்படியே போடக் கூடாது. சொல்லை மாற்றி, ஊரை மாற்றி, பிள்ளைகளின் எண்ணிக்கையை மாற்றி, மாற்றிய வரியை இணையத்தில் தேடிப் பார்த்து, ஒன்றும் அகப்படவில்லை என்று தெரிந்த பிறகே அச்சுக்கு அனுப்ப வேண்டும். இதில் அவளை விஞ்ச ஆளில்லை. அவள் மாற்றிய வரியைப் பெற்ற தாய் படித்தால்கூடத் தன் மகள் எழுதியது என்று சொல்ல மாட்டாள்.

ஒருத்தி, தன் பாஸ்போர்ட்டையும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழையும் மாவு டப்பாவுக்குள் புதைத்து வைத்திருப்பதாக எழுதியிருந்தாள். மாவு டப்பாவை மாற்றியாக வேண்டும். சல்லடை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இப்படி எழுதினாள்: ‘வாஷிங் மெஷினுக்குப் பின்னால் உள்ள தகட்டைக் கழற்றி உள்ளே வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் அவர் தலைவைத்துப் படுத்ததில்லை.’ தேடிப் பார்த்தாள். எங்கும் இல்லை. பேராசிரியை படித்துவிட்டு, “பிரமாதம், நிஜத்தைவிட நிஜமா இருக்கு” என்று முதுகில் தட்டினாராம்.

கட்டுரை வெளிவந்தது. ஒரு செய்தித்தாள் அதைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை முழுப் பக்கம் எழுதி, அந்த வாஷிங் மெஷின் வரியைக் கட்டம் கட்டிக் கொட்டை எழுத்தில் போட்டது. நான் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு போய் மருந்துக்கடைக்காரரிடம் காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

மறுநாள் குழுவில் உப்புக்கல் என்ற புனைபெயரில் எழுதும் பெண் ஒரு பதிவு போட்டாள்:

‘நேத்து அவர் மெஷினை நகர்த்தினார். இத்தனை வருஷத்துல ஒரு கைக்குட்டையைக்கூட அதுல போட்டவர் இல்லை. ஸ்க்ரூ டிரைவரோட வந்தார். யார் சொன்னது? உங்கள்ல யாராவது சொன்னீங்களா?’

சல்லடை அதைக் கீழ்த்தளத்து அறையில் படித்தாள். கை தானாகவே துறையின் சேகரிப்பைத் திறந்து வாஷிங் மெஷின் என்று தேடியது. எப்போதோ உப்புக்கல் எழுதிய பதிவு வந்து நின்றது. பின்பக்கத் தகடு, அவர் வராத இடம், எல்லாம் இருந்தது. பக்கத்தில் ‘கிளம்பும் ஆயத்தம்’ என்ற குறி. அதை இட்டவளும் அவளேதான்.

பேராசிரியையின் அறைக்கு ஓடினாள்.

“மேடம், அந்த இடத்தை நானா யோசிச்சு எழுதினேன்னு நெனச்சேன். யோசிக்கல. எப்பவோ படிச்சது உள்ளயே தங்கிருச்சு.”

“தேடிப் பாத்தியே?”

“வெளியில தேடினேன். இது மூடின குழு, வெளியில எப்படி வரும்? நம்மகிட்ட இருக்கிறதுக்குள்ள தேடணும்னு தோணவே இல்லை.”

பேராசிரியை பத்திரிகையை எடுத்து அந்தக் கட்டத்தை மறுபடி படித்தார். பிறகு, “எனக்கும் தோணல. நானும் படிச்சிட்டுத்தானே அனுப்பினேன்,” என்றார்.

பத்திரிகையின் இணையப் பக்கத்திலிருந்து அந்த வரியை எடுக்க வைத்தார்கள். அச்சான தாளை யார் எடுப்பது? குழுவை நடத்தும் பெண் உப்புக்கல்லுக்குத் தனியாகச் செய்தி அனுப்பினாள். பதில் இல்லை. காவல் நிலையத்துக்கு அவளும் பேராசிரியையும் சல்லடையும் மூன்று பேருமாகப் போனார்கள். எழுதிக்கொள்ளக் காத்திருந்தவர் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

“அந்தம்மா பேரு?”

“தெரியாது.”

“வீடு?”

“தெரியாது.”

“புருஷன் பேரு? சரி, ஊராவது?”

அதுவும் தெரியாது. அவர் மூடியைத் திரும்பவும் மாட்டினார். “பேரும் இல்ல, ஊரும் இல்ல. நான் எந்தக் கதவைப் போய்த் தட்டுறது?” என்றார். நக்கலாகச் சொல்லவில்லையாம், நிஜமாகவே கேட்டாராம். புருஷன் கண்ணில் படாமல் அவளை அவ்வளவு பத்திரமாக மறைத்திருந்தார்கள், கைகொடுக்கப் போனவர்கள் கண்ணிலும் அவள் படவில்லை.

குழுவில் ஒருத்தி மேல் ஒருத்தி சந்தேகப்பட்டார்கள். சொன்னது வெளியாள்தான் என்று நடத்துகிறவள் உண்மையைப் போட்டு உடைத்ததும் பாதிப் பேர் கணக்கை மூடிவிட்டுப் போனார்கள். போனவர்களுக்குப் போக வேறு இடம் இருந்ததா என்று யாருக்கும் தெரியாது. துறை அந்த ஆராய்ச்சியை நிறுத்தியது. சல்லடைக்கு வேறு வேலை கொடுத்தார்கள். கைப்பேசி விற்கிறவர்களின் குழுவில் வசைகளை வகை பிரிக்க வேண்டும். போய்ப் பிரித்துவிட்டு வருகிறாள். என் வீட்டு வாஷிங் மெஷின் சுற்ற ஆரம்பித்தால் எழுந்து மாடிக்குப் போய்விடுகிறாள்.

ஆனால் போன வாரம் உப்புக்கல் திரும்ப வந்தாள். வேறு ஊர், ஒற்றை அறை வீடு, குழந்தையும் கூடவே இருக்கிறது. ‘இங்கே மெஷின் இல்லை, எல்லாவற்றையும் கையால் துவைக்கிறேன், தோள்பட்டை கழன்றுவிடும் போல வலிக்கிறது, பரவாயில்லை’ என்று எழுதியிருந்தாள். அதைப் படித்துவிட்டுச் சல்லடை என் மடியில்—

“அத்தை, அந்தக் கடைசிப் பத்தியை அடிச்சிருங்க. அவங்க வரல. காலையிலகூடப் பாத்தேன். நான் ஒரு தடவை இட்டுக்கட்டினதே போதும்.”