உப்புப் பார்த்த வயிறு

முதல் வலி, சொதி அண்டாவை இறக்கும்போது வந்தது. பாளையங்கோட்டையில் ஒரு மண்டபம், கல்யாணத்துக்கு மறுநாள் நடக்கும் மறுவீட்டு விருந்து. தேங்காய்ப்பாலில் பாசிப்பருப்பும் காய்கறியும் வெந்து, இஞ்சிச்சாறும் எலுமிச்சையும் சேர்கிற சொதி இல்லாமல் எங்கள் பக்கம் மறுவீடு நடக்காது. நானும் என் உதவியாள் சுடலையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். தொப்புளுக்கு மேலே ஏதோ பிதுங்கியது. சட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தேன். எலுமிச்சம்பழ அளவில் ஒரு புடைப்பு. அழுத்தினால் உள்ளே போனது, இருமினால் வெளியே வந்தது.

வாயு என்று இரண்டு மாதம் ஓமத்தண்ணீர் குடித்தேன். சமையல்காரனுக்கு எல்லா நோயும் வாயுதான். ஒருநாள் அந்தப் புடைப்பு கல்லாக இறுகி, அரிசி மூட்டைகளின் மேல் ஒரு மணி நேரம் சுருண்டு கிடந்தேன். பிறகு தானாகவே உள்ளே போய்விட்டது. மறுநாள் என் மனைவி கோமதி என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அறுவை சிகிச்சை டாக்டர் என் மகள் வயதுப் பெண். கையால் அமுக்கிப் பார்த்ததுமே சொல்லிவிட்டார். ஹெர்னியா (குடலிறக்கம், வயிற்றுத் தசை பலவீனமான இடத்தில் குடல் வெளியே துருத்துவது). உள்ளே வலை வைத்துத் தைக்க வேண்டும்.

"நாளைக்கே தச்சிருங்கம்மா" என்றேன்.

"தைக்க முடியாது அண்ணாச்சி. தொண்ணூத்தாறு கிலோ இருக்கீங்க. இவ்வளவு கொழுப்புக்கு மேல தச்சா தையல் நிக்காது. எண்பத்தி நாலுக்கு வாங்க, தைக்கேன். அதுவரைக்கும் ஒரு குடத்தைக்கூட தூக்கப்படாது."

"அதுக்குள்ள மறுபடி இறுகிட்டா?"

"உடனே ஓடி வரணும். சிக்கின குடலு அழுகிரும்."

அண்டா தூக்க முடியாதவனை யார் சமையலுக்குக் கூப்பிடுவார்கள்? முப்பது வருஷமாக எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். பன்னிரண்டு கிலோவுக்கு அந்தப் பக்கம் என் அடுப்பு நின்றது. இந்தப் பக்கம் நான் நின்றேன்.

பெங்களூரில் இருக்கும் மகள் உமா பார்சலில் ஒரு ஸ்லோ குக்கர் அனுப்பினாள். மின்சாரத்தில் சுடும் அடிப்பகுதி, உள்ளே கனத்த பீங்கான் பாத்திரம், மேலே கண்ணாடி மூடி. காலையில் காயை நறுக்கிப் போட்டால் மதியம்தான் வேகும். எண்ணெய் வேண்டாம், தாளிப்பு வேண்டாம். ஐந்நூறு பேருக்கு இரண்டு மணி நேரத்தில் பந்தி போட்டவனுக்கு இரண்டு பேர் சாப்பாட்டுக்கு ஆறு மணி நேரம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அந்தப் பாத்திரம் என்னைப் பார்த்துச் சிரித்தது பிறகுதான். வழக்கமான அளவுக்குத் தண்ணீர் ஊற்றினேன். அதில் ஆவி வெளியே போகாது என்று தெரியாததால் சாம்பார் குளமாகிவிட்டது. ஆசைப்பட்டு ஒருநாள் சொதி வைத்தேன். தேங்காய்ப்பாலைக் காலையிலேயே ஊற்றிவிட்டேன். மதியம் பார்த்தால் திரிந்துபோய்க் கிடந்தது. சொதிக்கென்றே ஊரார் தேடி வந்து முன்பணம் கொடுக்கிற சமையல்காரன் வைத்த சொதி அது. கோமதி ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

என்னைப் போல எடை குறைக்கச் சொல்லி அனுப்பப்பட்டவர்கள் இதைப் படித்தால், நான் பட்டுத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீரைப் பாதியாக்குங்கள். தடியங்காய் (வெண்பூசணி), சுரைக்காய், கீரைத்தண்டு எல்லாம் தங்கள் தண்ணீரிலேயே வேகும். கொள்ளோ தட்டப்பயறோ என்றால் இரவே ஊற வைத்து, காலையில் அடுப்பில் நன்றாகக் கொதிக்க விட்டுப் பிறகு போடுங்கள். தேங்காய்ப்பால் வேண்டுமென்றால் மூன்றாம் பால் போதும், அதையும் கடைசிக் கால் மணி நேரத்தில் ஊற்றுங்கள். முதல் பாலை மறந்துவிடுங்கள். எனக்கே அது பெரிய துக்கம்தான்.

மூன்று மாதம் இப்படித்தான் சாப்பிட்டேன். சாப்பிட்டதை எல்லாம் நோட்டில் எழுதச் சொல்லியிருந்தார் டாக்டர். காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கிண்ணம் பாசிப்பருப்பும் காயும், கைப்பிடிச் சோறு. ஒரு வரிகூடப் பொய் இல்லை. தராசு தொண்ணூற்று நான்கில் வந்து உட்கார்ந்துகொண்டது. டாக்டர் நோட்டைப் புரட்டினார், என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இதை மட்டும் சாப்பிட்டா எடை இங்கன நிக்காது. எங்கிட்ட மறைக்கீங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பேருந்தில் வரும்போது நோட்டைக் கோமதியின் மடியில் போட்டேன்.

மறுநாள் மதியம் அவள் ஸ்லோ குக்கரின் முன்னால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"காலையில வச்சது ரெண்டு பேருக்கு. இப்ப ஒருத்தருக்குத்தான் கிடக்கு. மீதி எங்கன போச்சு?"

"உப்புப் பாத்தேன்."

"எத்தனை தடவை பாத்திய?"

யோசித்தேன். மூடியைத் திறக்கும்போதெல்லாம் ஒரு கரண்டி எடுத்து உள்ளங்கையில் ஊற்றி நக்குவேன். மூடியைத் திறந்துகொண்டேதான் இருந்தேன்.

"மண்டபத்துக்குப் போயி சும்மா நாற்காலியிலதான் உக்காந்திருக்கேன்னு சொல்லுதியளே, அங்கனயும் பாத்தியளா?"

அங்கேயும்தான். தூக்கக் கூடாது என்றதால் மேற்பார்வைக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தேன். சாம்பார், அவியல், பாயசம், கேசரி என்று ஒவ்வொன்றும் இறங்குமுன் சுடலை கரண்டியோடு என்முன் வந்து நிற்பான். நான் நக்கித் தலையாட்டிய பிறகுதான் அண்டா நகரும். முப்பது வருஷ வழக்கம். உப்புப் பார்ப்பது எங்கள் தொழிலில் சாப்பாடு ஆகாது. இலையில் விழுந்தால்தான் சாப்பாடு. உள்ளங்கையில் விழுந்தது வேலை. வேலையை யாராவது நோட்டில் எழுதுவார்களா?

"நாக்குக்குத் தெரியாம இருக்கலாம், வயித்துக்குத் தெரியும்லா" என்றாள் கோமதி.

உப்புப் பார்க்காமல் சமைப்பதை நான் நினைத்தும் பார்த்ததில்லை. அப்படிச் சமைக்கிற ஒருவரை மட்டும் எனக்குத் தெரியும். ஆழ்வார்திருநகரிப் பக்கம் ஒரு பெருமாள் கோயில் மடப்பள்ளியில் ராகவன் சமைக்கிறார். என் வயதுக்காரர், பழைய சிநேகிதர். பெருமாளுக்குப் படைக்குமுன் நாக்கில் வைக்கக் கூடாது என்பதால் ருசி பார்க்காமலே புளியோதரை கிளறுகிறவர். கண்ணைக் கட்டிக்கொண்டு சைக்கிள் விடுகிறவர் என்று அவரை எத்தனை முறை கேலி செய்திருப்பேன். இப்போது பஸ் ஏறிப் போய் அவர் முன்னால் நின்றேன்.

"எப்படிவே உப்புப் பாக்காம சமைக்கீரு?"

"கை அளவு ஒண்ணு இருக்கு. மூக்கு ஒண்ணு இருக்கு. கொதிக்கிற வாசனையிலேயே தெரியும் ஓய்."

"தப்பிட்டா?"

"பெருமாள் இதுவரைக்கும் ஒண்ணும் சொன்னதில்லை."

அன்றிலிருந்து ஸ்லோ குக்கரின் மூடியைத் திறக்கவில்லை. உப்பை ஒரே முறை கையால் அளந்து போட்டேன். மண்டபத்துக்கும் போகவில்லை, சுடலையே பார்த்துக்கொண்டான். கண்ணாடி மூடிக்குள் காய் பையப் பைய நிறம் மாறுவதை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பேன். இஞ்சி வாசனை முதலில் வரும், பருப்பு வாசனை ரொம்ப நேரம் கழித்து வரும். இவ்வளவு காலம் சமைத்தும் அவற்றை இப்படி வரிசையாக நான் முகர்ந்ததில்லை.

நான்காம் நாள் மதியம் வயிற்றில் ஏதோ இழுத்துப் பிடித்தது. உள்ளே சுருண்டு முறுக்கியது, கடமுட என்று சத்தம் போட்டது. குடல் சிக்கிக்கொண்டது என்றே முடிவு செய்துவிட்டேன். கோமதி ஆட்டோ பிடித்தாள். வழியெல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உமாவுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொண்டே போனேன்.

டாக்டர் படுக்க வைத்து அமுக்கிப் பார்த்தார். புடைப்பு மெத்தென்று உள்ளே போனது. சர்க்கரை அளவு பார்த்தார், சரியாகவே இருந்தது. ஸ்டெதாஸ்கோப்பை வயிற்றில் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

"காலையில எட்டு மணிக்கு."

"நடுவுல?"

"சத்தியமா ஒண்ணுமில்லைம்மா."

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார். "இது பசி, அண்ணாச்சி."

கோமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மல்லாந்து படுத்தபடி, கடைசியாக எப்போது பசித்தது என்று யோசித்தேன்.

பதினேழு வயதில் பசித்திருக்கிறது. அப்போது எடுபிடியாகச் சேர்ந்த புதிது. விடியக்காலையில் தேங்காய் துருவி முடித்துவிட்டு, குறுக்குத்துறைக்குப் போய் ஆற்றில் விழுவோம். தாமிரபரணித் தண்ணீர் பசியைக் கிளப்பிவிடும். ஈரத் துண்டோடு ஓடி வந்தால் எங்களுக்கென்று ஒதுக்கிய பழைய சோறும் வறுத்த மிளகாயும் இருக்கும். அதை அள்ளி அள்ளித் தின்றிருக்கிறேன். கரண்டி கைக்கு வந்த பிறகு அந்தப் பசி வரவில்லை. வருவதற்கு நான் இடம் கொடுக்கவில்லை. ஊருக்கெல்லாம் பசியாற்றியவன் என்று மேடையில் துண்டு போர்த்தியிருக்கிறார்கள். பசி வந்து கதவைத் தட்டினால் நோய் என்று ஆட்டோ பிடிக்கிறேன்.

அதன் பிறகு தினமும் பசிக்காகக் காத்திருந்தேன். பதினோரு மணிக்கு லேசாகத் தலை காட்டும், பன்னிரண்டரைக்கு நன்றாக வரும். ஸ்லோ குக்கரும் நானும் ஒரே நேரத்தில்தான் தயாரானோம். கடிகாரம் பார்ப்பதுகூடக் குறைந்துபோனது. ஐந்து மாதத்தில் எண்பத்து நான்கு வந்தது. டாக்டர் தராசைத் தட்டிப் பார்த்துவிட்டு, தேதி குறித்தார்.

அறுவை சிகிச்சையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதுகில் ஓர் ஊசி, மார்புக்குக் கீழே மரத்துப்போனது, பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் யாரோ மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். மூன்று மாதம் பெல்ட் போட்டிருந்தேன். இருமும்போதெல்லாம் பழக்கத்தில் கை வயிற்றுக்குப் போகும். அங்கே புடைப்பு இல்லை. இப்போதும் கை போகிறது.

போன தை மாதம் மறுபடியும் ஒரு மறுவீடு. தூக்குவதெல்லாம் சுடலையும் மற்றவர்களும்தான். சொதி கொதி வரும் நேரத்தில் அவன் வழக்கம்போலக் கரண்டியை நீட்டினான். நான் குனிந்து ஆவியை முகர்ந்தேன்.

"உப்பு போதும். முதல் பாலை ஊத்தி இறக்குலே."

"நாக்குல வைக்கலியா அண்ணாச்சி?"

"வேண்டாம்."

சமையல்காரர்கள் பந்தியில் உட்காருவதில்லை. உப்புப் பார்த்தே வயிறு நிறைந்திருக்கும். அன்று கடைசிப் பந்தியில் கோமதிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். காலை எட்டு மணிக்குப் பிறகு வாயில் எதுவும் படவில்லை. இலையில் கொஞ்சம் சோறு, மேலே சொதி, ஓரத்தில் இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு வறுவலும் விழுந்தன. முதல் பால் வாசனை முகத்தில் அடித்தது.

இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கோமதி என் பக்கம் சாய்ந்தாள். "சொதியில உப்பு ஒரு கை கம்மி. தெரியுதா?"

நான் மூன்றாவது வாய்க்குப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"தெரியலையே" என்றேன். "எனக்குப் பசிக்குது."