கேமரா இல்லாத படத்தில் என் கை

சாணக்யபுரியில் ஒரு பெரிய விருந்தினர் இல்லத்துக்குத் தரை போட்டவன் நான். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் என் கை படாத குளியலறை குறைவு. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து ஒரு சொல் இந்தி தெரியாமல் டெல்லிக்கு வந்து, குடிசையில் கிடந்து, நாற்பது பேரை வேலை வாங்கும் மேஸ்திரி ஆனேன். யாரும் தூக்கிவிடவில்லை. கட்டியது எதிலும் என் பெயர் கிடையாது, நானும் கேட்டதில்லை. ஒரே ஒரு படத்தில் மட்டும் என் பெயர் வர வேண்டும் என்று இப்போது கேட்கிறேன். அது டீச்சரம்மா செய்த படம்.

டீச்சரம்மா கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்தவர். பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்தார். கேமரா இல்லாமல் படம் எடுப்பார். ஒளி பட்டால் கறுக்கும் தாளை இருட்டறையில் விரித்து, வீட்டில் கிடக்கும் பொருள்களை அதன்மேல் வைத்து, ஒரு நொடி விளக்கைப் போட்டு அணைப்பார். மருந்துத் தண்ணீரில் முக்கினால் பொருள் மறைத்த இடம் வெள்ளையாக நிற்கும். ஃபோட்டோகிராம் என்று பெயர். மாமியாரின் மூக்குக்கண்ணாடியையும் ஒரு பிடி அரிசியையும் வைத்து ஒன்று செய்திருந்தார். அந்த அம்மாளை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் எதிரில் உட்கார்ந்து கல் பொறுக்குவது போலிருந்தது. அப்படி ஒரு திறமை.

அந்த இருட்டறையை அமைத்தது நான். அரசாங்க வீட்டில் ஆணி அடிக்கக்கூட யோசிக்க வேண்டும். ஆணியே இல்லாமல், பிளைவுட்டும் கறுப்பு ரெக்சினும் வைத்து, குளியலறையை ஊசிமுனை வெளிச்சம் நுழையாதபடி அடைத்தேன்.

வேலை முடிந்த அன்று, "நீங்களே இருந்து பாருங்க மேஸ்திரி" என்று உள்ளே அழைத்தார். சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. கணவருக்கு மாற்றல் வரும்போதெல்லாம் வீட்டைப் பூட்டிச் சாவியைத் திருப்பிக் கொடுத்த வாழ்க்கையை ஒரே படமாகச் சொல்ல நினைத்து, அவர் நிறையத் தாளை வீணாக்கியிருந்தார். உறையில் மிஞ்சியது கடைசித் தாள். அதன்மேல் குவார்ட்டர்ஸ் சாவியை வைத்தார். எனக்கோ தாள் இருந்த மேஜை சாய்ந்திருப்பது கண்ணை உறுத்தியது. ரசமட்டம் வாங்க வழியில்லாத நாளில், தட்டையான மருந்து பாட்டிலில் ஒரு குமிழி இடம் விட்டுத் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்தவன் நான். அது எப்போதும் என் பையில் இருக்கும். அதைச் சாவிக்குப் பக்கத்தில் படுக்க வைத்துப் பிடித்தேன். அதே நேரம் அவர் விளக்கைப் போட்டுவிட்டார்.

"ஐயோ மேஸ்திரி, கை!"

"மேஜை சாயுது டீச்சரம்மா! மருந்து ட்ரேய வச்சா தண்ணி ஒரு பக்கமா ஓடும்."

"கடைசிப் பேப்பருங்க அது!"

ஆனாலும் அவர் அதை வீசவில்லை. மருந்தில் முக்கினார். வெள்ளையாகச் சாவி வந்தது. பக்கத்தில் பாட்டில், உள்ளே ஓரத்துக்கு ஒதுங்கிய குமிழி, அதைப் பிடித்த என் விரல்கள். வெகுநேரம் பார்த்துவிட்டு, "நான் இருந்த எந்த வீடும் எனக்கு மட்டமா நிக்கல மேஸ்திரி. இதான் நான் தேடினது" என்றார். மேஜையைச் சரிசெய்து இன்னொன்று எடுக்கலாம் என்றேன். "சும்மா இருங்க. குமிழி நடுவுல நின்னா அது வெறும் பாட்டில்" என்று சிரித்தார். கண் என்றால் அதுதான் கண்.

டீச்சரம்மா இப்போது இல்லை. அவர் மகள், அம்மாவின் படங்களை ஆர்.கே.புரத்தில் ஒரு கூடத்தில் மாட்டியிருக்கிறாள். அந்தப் படத்தின் கீழே அட்டையில், "சாவியும் யாரோ ஒருவரின் கையும்" என்று இருந்தது.

"இது என் கைம்மா. செங்கல் விழுந்து வளைஞ்ச சுண்டுவிரல், பாரு" என்று படத்துக்குப் பக்கத்தில் கையை நீட்டினேன்.

"அச்சா! ஸேம் டு ஸேம், அங்கிள்! மம்மி சொல்லவே இல்லியே. பட், கார்டு பிரிண்ட் ஆயிடுச்சு."

"உங்க மம்மி பேர் விட்டுப்போயிருந்தா மாத்துவியா, மாட்டியா?"



நான் போட்ட தரைகளைப் பெயர்த்து வேறு கல் போட்டுவிட்டார்கள். டீச்சரம்மா இருந்த குவார்ட்டர்ஸையே இடித்தாயிற்று. நிற்கப்போவது இந்தத் தாள் ஒன்றுதான். அது அடுத்துச் சென்னைக்குப் போகிறதாம். டீச்சரம்மாவின் பெயர் மேலே பெரிதாக இருக்கட்டும். அது அவர் படம். கண்காட்சி நடத்துகிறவர்களே, கீழே சின்ன எழுத்திலாவது என் பெயரைப் போட்டு, கையும் பாட்டிலும் மேஸ்திரியுடையவை என்று எழுதுங்கள். யாரோ ஒருவர் என்ற அட்டையோடு அது ரயில் ஏறக் கூடாது.