தாய்மாமனைக் கூட்டிக்கொண்டு அகரம் போன கதை

ஜெயிலிலிருந்து வெளியே வந்ததும் நேரே பிள்ளைகளைத் தேடிப் போகலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். (எழுத்தும் ஜெயிலில் கற்றதுதான்.) தாராளமாகப் போகலாம். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு தை மாதம் நான் போனேன். களத்தில் என் கையைப் பிடித்து இழுத்த பண்ணைக் கணக்கனை அரிவாளால் வெட்டியதற்கு ஏழு வருஷம். வெட்டினேன், இல்லை என்று சொல்லவில்லை. அதற்குள் மகனும் மகளும் ஆளுக்கொரு திசையாகிவிட்டார்கள்.

காலையில் திண்டுக்கல் ஸ்டேஷனில் இறங்கி செம்பட்டி பஸ் ஏறினேன். பன்னிரண்டு மைல், முக்கால் மணி நேரம். "எங்கயிருந்தும்மா வாரீக?" என்றார் கண்டக்டர். "ஜெயில்லயிருந்து" என்றேன். பக்கத்திலிருந்த அம்மாள் எழுந்து போய்விட்டாள். நல்லதாப் போச்சு, ஜன்னலோரம் கிடைத்தது.

மகன் முத்தையா தேங்காய் மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். மீசை வைத்திருந்தான். மூட்டையைப் போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். நானும் அழுதேன், வெட்கமென்ன! மறுநாள் அகரத்தில் அவன் தங்கச்சி, என் மகள் செல்லம்மாவின் மகனுக்குக் காதுகுத்து என்றான்.

"வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிட்டாக ஆத்தா. நான் போகல. கல்யாணத்துலயே 'ஜெயிலுக்காரி மகன்'னு பேசுனாக. அப்புறம் அந்த வாசலை மிதிக்கல."

"ஏலே, தாய்மாமன் மடியில்லாமக் காது குத்துவாகளா? அவுகளுக்கு நீ வேணும். எனக்கு எம்புள்ளைக ரெண்டும் ஒண்ணா வேணும். கெளம்பு."

மறுநாள் திண்டுக்கல் வந்து, தாடிக்கொம்பு பஸ் பிடித்து, இறங்கி நடந்தோம். வெயிலுக்கு முன்னால் போய்விடுங்கள், வழியில் நிழல் கம்மி.

வாசலில் செல்லம்மாவின் மாமனார் கையை நீட்டித் தடுத்தார். "தம்பி உள்ள வரட்டும். அந்தம்மா வெளிய நிக்கட்டும். நல்ல காரியம் நடக்குற வீடு."

எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது. நான் வாயைத் திறப்பதற்குள் முத்தையா சீர்த்தட்டைக் கீழே வைத்து, தெருவிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"எங்க ஆத்தா நிக்கிற எடத்துலதான் என் மடி. குத்துறதுன்னா இங்க வந்து குத்துங்க."

நல்ல நேரம் கழிந்துகொண்டிருந்தது. மாமனார் காது குத்த வந்திருந்த ஆசாரியைப் பார்த்தார். "மாமன் மடியில்லாம நான் ஊசியத் தொட மாட்டேன்" என்றார் ஆசாரி. அப்போது உள்ளேயிருந்து செல்லம்மா வந்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, மாமனாரைத் தாண்டி, தெருவில் இறங்கி, அண்ணன் மடியில் வைத்துவிட்டு, என் தோளை ஒட்டி உட்கார்ந்தாள். ஆசாரி ஊசியோடு பின்னாலேயே வந்தார். பேரன் ஊரே கேட்க அலறினான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

இதே பயணம் போகிறவர்களுக்கு: பகல் பஸ்ஸில் போங்கள். முக்காடு போடாதீர்கள். வாசலில் நிறுத்தினால் திரும்பி வந்துவிடாதீர்கள், அங்கேயே நில்லுங்கள். தெரு எவன் அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லை.