கிணற்றில் இறங்கிய உரம்

நகரத்தை ஒட்டிய ஹெப்பகோடியில் அரை ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கீரை போட்டவள் தனக்கோடி. வாரம் தவறாமல் யூரியாவை அள்ளி வீசுவாள். தண்டுக்கீரை தளதளவென்று நிற்கும்.

2003 ஆகஸ்டில் நான்கு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் காலை, வயலுக்குக் கீழே கிணற்றடி வீட்டில் குடியிருந்த யூனிஸ், இரண்டு மாதக் கைப்பிள்ளையோடு ஓடிவந்தாள்.

"அக்கா, புள்ள உதட்டப் பாருக்கா! நீலமா ஆயிடுச்சு!"

நாவற்பழம் தின்றதுபோல் இருந்தது உதடு. நகக்கண்ணும் அப்படியே. தனக்கோடிதான் ஆட்டோ பிடித்தாள்.

"பால் பவுடர எந்தத் தண்ணில கரைக்கிறீங்க?" என்றார் டாக்டர்.

"கிணத்துத் தண்ணிதான் சார். காய்ச்சித்தான் குடுக்கறேன்."

"காய்ச்சினா நைட்ரேட் போகாதும்மா. உரம் ஜாஸ்தியா எறங்கின தண்ணி, சின்னக் கொழந்தை ரத்தத்துல ஆக்ஸிஜன சேரவிடாது. இனிமே அதத் தொடாதீங்க."

யூனிஸ் அழுதாள். உரம் என்றதும் தனக்கோடிக்குத் தன் வயல் நினைவுக்கு வந்தது. ஊசி போட்டபின் சாயங்காலத்துக்குள் உதடு சிவந்துவிட்டது. ஆனால் அதன்பிறகு கீழ்வீட்டில் பிள்ளை அழுதாலும் அவளுக்குப் பயம், அழாவிட்டாலும் பயம்.

கீரை வாங்க வரும் ஆராவமுதன் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர். பாட்டிலில் தண்ணீரை மொண்டு அவரிடம் கொண்டுபோனாள். நைட்ரேட் அளவு, இருக்கவேண்டியதைப்போல் இரண்டரை மடங்கு.

"கக்கூஸ் குழியும் காரணமா இருக்கலாம்," என்றார் அவர். "ஆனா உங்க வயல்ல வழியற தண்ணி அங்கதானே போறது? யூரியாவப் பாதியாக் குறைங்கோ. கரியப் பொடிச்சு, சாணத்தோட ஊறவெச்சு மண்ல கலங்கோ. சத்து மழையில அடிச்சிண்டு போறது குறையும். முழுசா நிக்காது."

"கீர வெளுத்துப்போனா எவன் வாங்குவான்?" என்றான் புருஷன் முனிராஜ்.

"வெளுத்தா வெளுக்கட்டும். அந்தப் புள்ள மூஞ்சிய நீ பாக்கல."

இஸ்திரி வண்டிகளிலும் கரிக்கடையிலும் கழிந்த தூளை மூட்டை மூட்டையாகச் சுமந்துவந்தாள். சாணக்கரைசலில் இரண்டு வாரம் ஊறவைத்துப் பாத்திகளில் கொத்திவிட்டாள். சரிவில் வரப்பை உயர்த்திப் புல் நட்டாள். கடைசியில் யூனிஸ் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"அந்தத் தண்ணி கெட்டதுக்கு என் உரமும் காரணம் யூனிஸ்."

யூனிஸ் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். ஐந்து மாதம் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

முதல் போகத்தில் கீரை மட்டமாகத்தான் வந்தது. போகப்போகத் தேறியது. மறுவருஷ மழைக்குப் பின் நைட்ரேட் கொஞ்சம் இறங்கியிருந்தது. மூன்றாம் வருஷம்தான் எல்லைக்குள் வந்தது. அந்த வாரம், ஓடித்திரியும் பிள்ளையோடு யூனிஸ் கீரை வாங்க வந்தாள்.

"இப்ப தண்ணி பரவால்லயாக்கா?"

"கொறஞ்சிருக்குன்றாங்க. ஆனா சின்னப் புள்ளைங்களுக்கு வேணாம்மா."

நிலம் வீட்டுமனையாகும்வரை ஒவ்வொரு மழைக்குப் பின்னும் தனக்கோடி பாட்டிலோடு போனாள். முடிவு எழுதிய காகிதம் கைக்கு வரும்வரை, பரிசோதனைக்கூட பெஞ்சில் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பாள்.